ப்ளூ-ரே வட்டை மாற்றும்போது ‘படத்துக்குள் படம்’ கூடுதல் காட்சிகளை எடுப்பது எப்படி?

தம்மிடம் உள்ள ப்ளூ-ரே வட்டுகளை, காணொளியையும் ஒலியையும் ஒன்றாகப் பொதியும் எம்கேவி கோப்புகளாக மாற்றிவரும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: ஒரு வட்டில், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையின் மூலையில் இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் தோன்றி அந்தக் காட்சி எடுக்கப்பட்ட விதத்தைச் சொல்கிறார்கள், ஆனால் மாற்றிய கோப்பில் படம் மட்டுமே இருக்கிறது, அந்தச் சிறுபடம் இல்லை. அதை எடுக்க வழி உண்டா, எடுத்தால் எந்த வடிவில் வைத்துக்கொள்வது நல்லது?

வழி உண்டு. ஆனால் மாற்றும் மென்பொருளில் ஏதோ ஒரு பெட்டியில் குறியிட்டால் கிடைத்துவிடும் வேலை அல்ல இது. சிறுபடம் வட்டில் ஒரு காணொளியாக மட்டும் இல்லை. அது எந்த நொடியில் தோன்ற வேண்டும், திரையில் எந்த இடத்தில் எந்த அளவில் நிற்க வேண்டும், அப்போது படத்தின் ஒலி எவ்வளவு தணிய வேண்டும் என்ற குறிப்புகளும் அதனுடன் சேர்ந்தவை. காணொளியை மட்டும் உருவி எடுத்துவிட்டு அந்தக் குறிப்புகளைக் கைவிட்டால், யாரோ எதையோ பார்த்துப் பேசும் தொடர்பற்ற துண்டுகள்தான் மிஞ்சும். ஆகையால் நேரக் கணக்கையும் இடக் கணக்கையும் முதலில் காப்பாற்றுவதையே இந்தப் பதிலில் வலியுறுத்துகிறேன்.

2006இல் ப்ளூ-ரே விற்பனைக்கு வந்தபோது, பிளேயருக்குள் இரண்டாவது காணொளியை ஒரே நேரத்தில் குறிவிலக்கும் (டிகோட் செய்யும்) வசதி கட்டாயமாக்கப்படவில்லை. அன்று போட்டியாக இருந்த எச்டி டிவிடியில் அது தொடக்கத்திலிருந்தே கட்டாயம். 2007 நவம்பர் 1க்குப் பிறகு அறிமுகமாகும் ப்ளூ-ரே பிளேயர்களுக்குத்தான் புரொஃபைல் 1.1 என்ற தகுதி கட்டாயமானது. இரண்டாவது காணொளி, இரண்டாவது ஒலி, குறைந்தது 256 மெகாபைட் உள்சேமிப்பு ஆகியவை அதில் அடங்கும். இதற்குச் சந்தையில் வைத்த பெயர் போனஸ் வியூ. யுனிவர்சல் நிறுவனம் தன் வட்டுகளில் யூ-கண்ட்ரோல் என்றும், வார்னர் நிறுவனம் இன்-மூவி எக்ஸ்பீரியன்ஸ் என்றும் இதே வசதிக்குப் பெயரிட்டன. இந்த வரலாற்றுக்கு நடைமுறைப் பயன் ஒன்று உண்டு. அந்த வசதி பிளேயர்களில் பரவாத தொடக்க காலத்தில், சிறுபடத்தை முன்கூட்டியே படத்தின்மேல் பதித்து, முழுப் படத்தையும் வட்டில் இரண்டாவது முறை சேர்த்த வெளியீடுகள் உண்டு. உங்கள் வட்டு அத்தகையதானால் கவலையே இல்லை. எந்தக் கோப்பை எந்த வரிசையில் ஓட்டுவது என்று சொல்லும் பட்டியல்தான் பிளேலிஸ்ட்; ஏறத்தாழ ஒரே நீளமுள்ள இரண்டு பிளேலிஸ்டுகளில் மற்றொன்றைத் தேர்ந்தெடுத்து மாற்றினால் வேலை முடிந்தது. எனவே மற்ற எதையும் தொடங்குமுன் இதைச் சரிபாருங்கள்.

அப்படி இல்லையென்றால், உங்கள் சிறுபடம் உண்மையான துணைக் காணொளி. வட்டின் பிடிஎம்வி கோப்புறைக்குள் ஸ்ட்ரீம் என்ற உட்கோப்புறையில் படமும் ஒலியும் அடங்கிய எம்2டிஎஸ் கோப்புகளும், பிளேலிஸ்ட் என்ற உட்கோப்புறையில் பிளேலிஸ்டுகளான எம்பிஎல்எஸ் கோப்புகளும் இருக்கும். எம்2டிஎஸ் கோப்பில் பல தடங்கள் ஒன்றாகப் பின்னப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. ப்ளூ-ரே விதிப்படி இந்த எண்கள் நிலையானவை: முதன்மைக் காணொளி 4113, முதன்மை ஒலித்தடங்கள் 4352 முதல், படவடிவச் சப்டைட்டில்கள் 4608 முதல், துணை ஒலி 6656 முதல், துணைக் காணொளி 6912 முதல். சில கருவிகள் இவற்றைப் பதினறும (ஹெக்ஸாடெசிமல்) எண்களாகக் காட்டும், மாற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். 4114 என்ற எண்ணைக் கண்டு சிறுபடம் என்று மயங்க வேண்டாம். அது முப்பரிமாண வட்டுகளில் மறு கண்ணுக்கான காணொளி. துணைக் காணொளி எம்பெக்-2, விசி-1, எச்.264 ஆகிய மூன்று சுருக்க முறைகளில் ஒன்றில் இருக்கும். துணை ஒலி டால்பி டிஜிட்டல் பிளஸ் அல்லது டிடிஎஸ் எக்ஸ்பிரஸ் வடிவில் இருக்கும்.

மாற்றிய கோப்பில் சிறுபடம் ஏன் வரவில்லை என்பதற்கு விடை பிளேலிஸ்டில் இருக்கிறது. ஒரே எம்2டிஎஸ் கோப்பை இரண்டு பிளேலிஸ்டுகள் பயன்படுத்தலாம். சாதாரணமாகப் படம் பார்ப்பதற்கான பிளேலிஸ்ட் துணைக் காணொளியைத் தன் தடப்பட்டியலில் குறிப்பிடாது. சிறுபடத்துடன் பார்ப்பதற்கான பிளேலிஸ்ட் குறிப்பிடும். மாற்றும் மென்பொருள் முதலாவதைத் தேர்ந்தெடுத்தால், கோப்புக்குள் இருந்தும் அந்தத் தடம் கண்ணில் படாது. ஹேண்ட்பிரேக் போன்ற மாற்றும் மென்பொருள்கள் ஒரு தலைப்புக்கு ஒரு காணொளியை மட்டுமே கையாள்பவை என்பதால், சரியான பிளேலிஸ்டைக் கொடுத்தாலும் அவற்றால் பயன் இல்லை. இங்கே பிடிஇன்ஃபோ என்ற கருவி மிகவும் உதவும். அது ஒவ்வொரு பிளேலிஸ்டையும் அலசி, கோப்பில் இருந்தும் அந்தப் பிளேலிஸ்டில் மறைக்கப்பட்ட தடங்களுக்கு நட்சத்திரக் குறி இட்டுக் காட்டும். அறிக்கையின் பிற்பகுதியில் ஒவ்வொரு தடத்தின் அடையாள எண்ணும் இருக்கும். அதில் 6912ஐத் தேடுங்கள்.

கிடைத்தால் உங்கள் வட்டு ‘ஒரே கோப்பில் பின்னிய’ வகை. கிடைக்காவிட்டால் சிறுபடம் தனிக் கோப்பில் இருக்கிறது என்று கொள்ளலாம். பிளேலிஸ்டில் துணைப் பாதை என்ற பகுதி இதற்கென்றே உள்ளது. அதன் வகை எண் 7 என்றால் ஒரே கோப்பில் பின்னியது, 5 என்றால் தனிக் கோப்பில் இருந்தும் படத்தோடு நேரம் இணைந்தது, 6 என்றால் தனிக் கோப்பில் இருந்து படத்தின் நேரத்தோடு பிணைக்கப்படாமல் தனிப்போக்கில் ஓடுவது. ப்ளூ-ரே வட்டுகளைப் படிக்க உதவும் லிப்புளூரே என்ற நிரல் நூலகத்தின் மூலநிரலுடன் வரும் எம்பிஎல்எஸ்-டம்ப் என்ற சிறு கருவி இந்தத் துணைப் பாதைகளையும், சிறுபடத்தின் இட அமைவுக் குறிப்புகளையும் எழுத்தாக அச்சிட்டுத் தரும். அந்த வெளியீட்டை ஓர் உரைக் கோப்பாகச் சேமித்துவைப்பதை நான் எப்போதும் முதல் வேலையாகச் செய்கிறேன். பின்னால் வரும் எல்லாக் கணக்குகளுக்கும் அதுவே ஆதாரம்.

நேரக் கணக்கை இப்போதே பார்த்துவிடுவோம். தனிக் கோப்பு நேரம் இணைந்ததாக இருந்தால், அது படத்தின் எந்த உருப்படியோடு (பிளேலிஸ்ட் வரிசையாக ஓட்டும் துண்டுகளில் ஒன்று), எந்த நொடியில் தொடங்குகிறது என்பது பிளேலிஸ்டில் எழுதப்பட்டிருக்கும். அந்த எண் நொடிக்கு 45,000 என்ற அலகில் இருக்கும். அதை அப்படியே 45,000ஆல் வகுத்தால் தவறான விடை வரும். படத்தின் உருப்படி தொடங்கும் எண்ணை முதலில் கழிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, படத்தின் தொடக்க எண் 2,70,00,000 என்றும், சிறுபடத்தின் தொடக்க எண் 4,32,00,000 என்றும் இருந்தால், வித்தியாசம் 1,62,00,000. அதை 45,000ஆல் வகுத்தால் 360 நொடி. அதாவது படத்தின் 6ஆவது நிமிடத்தில் சிறுபடம் தோன்றும். படம் பல உருப்படிகளாகப் பிரிந்திருந்தால், முந்தைய உருப்படிகளின் நீளத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இட அமைவுக் குறிப்பு இன்னும் சுவையானது. சிறுபடத்தின் இடது மேல் மூலை திரையில் எந்தப் புள்ளியில் அமைய வேண்டும் என்பதற்கு இரண்டு எண்களும், அளவுக்கு ஒரு குறியீடும் அதில் இருக்கும். குறியீடு 1 என்றால் உள்ள அளவே, 2 என்றால் பாதி, 3 என்றால் கால், 4 என்றால் ஒன்றரை மடங்கு, 5 என்றால் முழுத்திரை. நேரத்துக்கு நேரம் இந்த மதிப்புகள் மாறலாம். முக்கியமான முகம் வலது ஓரத்தில் வரும் காட்சியில் சிறுபடம் இடப்பக்கம் நகர்வது இதனால்தான். இன்னொரு குறிப்பு, ஒளிர்வுச் சாவி எனப்படுவது. ஒரு குறிப்பிட்ட ஒளிர்வு மதிப்புக்குக் கீழே உள்ள கருமையான புள்ளிகள் எல்லாம் கண்ணாடிபோல் மறைந்து, பின்னால் ஓடும் படம் தெரிய வேண்டும் என்று அது சொல்கிறது. வளைந்த ஓரங்கள் கொண்ட சட்டத்துக்குள், அல்லது சட்டமே இல்லாமல், பேசுபவர் மட்டும் படத்தின்மேல் நிற்பதுபோலத் தெரிவது இந்த ஏற்பாட்டால்தான். இதைத் தெரியாமல் எடுத்தவர்களுக்குச் சிறுபடம் கரும்பரப்பின் நடுவே மிதப்பதாகத் தோன்றும்; கோப்பு கெட்டுவிட்டதாக நினைத்துவிடுவார்கள். கெடவில்லை.

இனி எடுக்கும் வேலை. முதல் படி, நீங்கள் விலைகொடுத்து வாங்கிய வட்டை முழுமையாக, அதன் கோப்புறை அமைப்பு குலையாமல் வன்தட்டுக்குக் கொண்டுவருவது. மேக்எம்கேவி என்ற மென்பொருளின் பேக்கப் முறை இதைச் செய்யும். தலைப்புகளைத் தேர்ந்தெடுத்து எம்கேவியாக்கும் வழக்கமான முறையை இங்கே தவிருங்கள். அதில் பிளேலிஸ்டின் குறிப்புகள் மறைந்துபோகும். வட்டின் குறியாக்கப் பூட்டைத் திறப்பது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டின் டிஎம்சிஏ சட்டம் அதைத் தடை செய்கிறது. நீங்கள் இருக்கும் நாட்டின் நிலையை அறிந்துகொண்டு செய்யுங்கள்.

இரண்டாவது படியில் கட்டளைகளை எழுதி இயக்கும் எஃப்எஃப்எம்பெக் என்ற காணொளிக் கருவியை நாடுகிறேன். ஒரே கோப்பில் பின்னிய வகையில் பலர் தடுமாறும் இடம் இதுதான். அந்தக் கருவி ஒரு கோப்பைத் திறந்ததும், தடங்களின் தன்மையை அறிய இயல்பாக முதல் 50 லட்சம் பைட்டுகளைத்தான் பார்க்கும். நொடிக்கு 30 மெகாபிட் வேகத்தில் ஓடும் படத்தில் இது ஒன்றே கால் நொடிக்குச் சற்று மேல். சிறுபடமோ 6ஆவது நிமிடத்தில் தொடங்குகிறது. எனவே கருவிக்குத் தடம் இருப்பது தெரியும், அதன் அகல உயரம் தெரியாது. எம்கேவியில் எழுத முயன்றால் பிழை காட்டி நின்றுவிடும். இதற்குத் தீர்வு, புரோப்சைஸ், அனலைஸ்டியூரேஷன் என்ற இரண்டு அமைவுகளையும் சிறுபடம் தொடங்கும் இடத்தைத் தாண்டும் அளவுக்கு உயர்த்துவது. நம் எடுத்துக்காட்டில் 360 நொடிக்கு ஏறத்தாழ 135 கோடி பைட்டுகள் ஆகும். ஆகவே முதலாவதை 200 கோடி பைட்டுகளுக்கும், மைக்ரோநொடியில் அளக்கப்படும் இரண்டாவதை 40 கோடிக்கும் வைத்தால் போதும். இந்த இரண்டையும் உள்ளீட்டுக் கோப்பின் பெயருக்கு முன்னால் எழுத வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

பிறகு மேப் என்ற அமைவில் வரிசை எண்ணுக்குப் பதிலாக அடையாள எண்ணைக் கொடுத்து, 6912 தடத்தையும் அதற்கு இணையான 6656 ஒலியையும், கூடவே படத்தின் முதன்மை ஒலித்தடம் ஒன்றையும் தேர்ந்தெடுத்து, மறுகுறியாக்கம் (மீண்டும் சுருக்குதல்) இல்லாமல் அப்படியே ஓர் எம்கேவி கோப்பில் எழுதுங்கள். முதன்மை ஒலி எதற்கு என்று கேட்கலாம். அது படத்தின் முதல் நொடியிலிருந்தே ஓடுவதால் அளவுகோலாக நிற்கும். சிறுபடத்தை மட்டும் எடுத்தால், 6ஆவது நிமிடத்தில் தொடங்க வேண்டியது சுழியத்திலிருந்து தொடங்குவதாகக் கோப்பு எழுதப்பட்டுவிடக்கூடும்.

சிறுபடத்தை, எம்கேவி போன்ற பொதி எதுவும் இல்லாத எச்.264 வெற்றுத் தடமாக எடுத்துவைப்பதைக் கட்டாயம் தவிருங்கள். நான் முதன்முதலில் செய்தது அந்தத் தவறுதான். இரண்டு மணி நேரப் படத்தில் இயக்குநர் இடையிடையே தோன்றி மொத்தம் முக்கால் மணி நேரம் பேசியிருந்தார். வெற்றுத் தடத்தில் நேர முத்திரைகள் இருக்காது. ஆகவே எல்லாத் துண்டுகளும் இடைவெளியின்றி ஒட்டிக்கொண்டு முக்கால் மணி நேரக் காணொளியாக வந்தன. எந்தத் துண்டு எந்தக் காட்சிக்கு உரியது என்று கண்டுபிடிக்க, வட்டைப் பிளேயரில் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டே இருந்தேன். இரண்டு இரவுகள் அதில் போயின. எம்கேவி கோப்பு நேர முத்திரைகளையும் இடைவெளிகளையும் அப்படியே காக்கும்.

எடுத்ததை எந்த வடிவில் வைப்பது என்பதில் என் கருத்தைத் தெளிவாகவே சொல்கிறேன். எம்கேவி கோப்புக்குள் இரண்டாவது காணொளித் தடமாகச் சேர்த்துவைப்பது எளிதாகத் தோன்றும். ஆனால் ஒன்றின்மேல் ஒன்றைக் காட்டு என்ற குறிப்பை வழக்கமான பிளேயர்கள் அந்த வடிவிலிருந்து எடுத்துக்கொள்வதில்லை. ஒரு நேரத்தில் ஒரு காணொளியைத்தான் காட்டும். சேமித்த மனநிறைவு கிடைக்கும், பார்க்கும் இன்பம் கிடைக்காது. சிறுபடத்தைப் படத்தின்மேல் பதித்து, முழுப் படத்தின் இரண்டாவது பதிப்பை உருவாக்குவதே அதை எடுத்தவர்கள் நினைத்த விதத்தில் பார்க்கச் சரியான வழி. ஒரு காட்சியின் விளக்கை எங்கே வைத்தார்கள் என்று ஒளிப்பதிவாளர் சொல்லும்போது அந்தக் காட்சியும் கண்முன் ஓட வேண்டும். இதற்காக முழுப் படத்தையும் மறுகுறியாக்கம் செய்ய நேரும்; தரம் சற்றுக் குறையும். கூடுதல் பதிப்புக்கு அது பொருட்டல்ல, முதன்மைப் பதிப்பைத்தான் நீங்கள் தொடாமல் வைத்திருக்கிறீர்களே.

பதிக்கும்போது ஒரு காணொளியின்மேல் மற்றொன்றைப் பதிக்கும், எஃப்எஃப்எம்பெக்கின் ஓவர்லே வடிப்பானுக்கு (ஃபில்டர்), பிளேலிஸ்டில் கண்ட இரண்டு இட எண்களையும் கொடுக்கலாம். அளவுக் குறியீடு 1 அல்லாவிட்டால் முன்னதாகவே சிறுபடத்தின் அளவை மாற்றிக்கொள்ளுங்கள். மூன்று இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது, ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும்வரை, கடைசிச் சட்டகம் திரையில் உறைந்து நிற்கும். இயக்குநர் பாதி வாய் திறந்தபடி பத்து நிமிடம் மூலையில் இருப்பார். ஒவ்வொரு துண்டின் தொடக்கமும் முடிவும் என்ன நொடி என்று எழுதி, அந்த இடைவெளிகளில் மட்டும் வடிப்பான் இயங்குமாறு எனேபிள் என்ற நிபந்தனையைச் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, ஒளிர்வுச் சாவி. லூமாகீ என்ற வடிப்பான் அதே வேலையைச் செய்யும். பிளேலிஸ்டில் உச்ச வரம்பு 24 என்று இருந்தால், அதை 255ஆல் வகுத்து வரும் 0.094 என்பதை, அடிப்படை மதிப்பைச் சுழியமாக வைத்து, ஏற்பு வரம்பாகக் கொடுங்கள். ஓரங்களில் கருமை எஞ்சுகிறதே என்று இந்த மதிப்பை மனம்போல உயர்த்தினால், பேசுபவரின் தலைமுடியிலும் கண்மணியிலும் துளை விழுந்து பின்னால் உள்ள படம் தெரியத் தொடங்கும். வட்டில் உள்ள எண்ணையே நம்புங்கள்.

மூன்றாவது, நிறம். துணைக் காணொளி 720க்கு 480 என்ற பழைய அளவில் இருந்தால், அதன் நிறக் கணக்கு பிடி.601 முறையிலும், 1080 வரிப் படத்தின் கணக்கு பிடி.709 முறையிலும் இருக்கும். மாற்றாமல் ஒட்டினால் முகங்களின் நிறம் மெல்ல மாறித் தெரியும். ஸ்கேல் வடிப்பானிலேயே உள்வரும் முறையையும் வெளிவரும் முறையையும் குறிப்பிட இடம் உண்டு. முகம் ஒடுங்கியோ அகன்றோ தோன்றுகிறதா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே, உண்மையான பிளேயர் காட்டும் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிளேயரில் துணை ஒலி இயங்கும்போது அது படத்தின் ஒலியோடு உள்ளேயே கலக்கப்படுகிறது. படத்தின் ஒலி எவ்வளவு தணிய வேண்டும் என்ற குறிப்பும் துணை ஒலியுடன் வருகிறது. பிளேயரின் அமைவுகளில் துணை ஒலிக் கலவையை இயக்கினால், இழப்பில்லா ஒலி ஆம்ப்ளிஃபயருக்கு அப்படியே செல்லாமல் போவதற்குக் காரணம் இந்தக் கலவைதான். நாம் கோப்பாக மாற்றும்போது கலக்கும் பொறுப்பு நம்முடையது. வெறுமனே இரண்டையும் கூட்டினால் வெடிச்சத்தத்தில் பேச்சு மூழ்கும். சைட்செயின்கம்ப்ரஸ் வடிப்பானில் பேச்சை ஆளும் ஒலியாகக் கொடுத்தால், பேச்சு வரும்போது மட்டும் படத்தின் ஒலி இறங்கி, முடிந்ததும் ஏறும். அதற்கு முன் துணை ஒலியின் இடைவெளிகளை ஏரீசாம்பிள் வடிப்பானின் அசிங்க் அமைவால் மௌனமாக நிரப்பிக்கொள்ளுங்கள். இல்லையேல் பேச்சு படத்தை முந்தி ஓடிவிடும். டிடிஎஸ் எக்ஸ்பிரஸ் ஒலியை எஃப்எஃப்எம்பெக் 2016 முதல்தான் குறிவிலக்கிவருகிறது. மிகப் பழைய பதிப்பு வைத்திருந்தால் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்தபின்னும் இடமோ நேரமோ பொருந்தாத வட்டுகள் உண்டு. அவற்றில் பெரும்பாலும் மெனுவும் சிறுபடமும் பிடி-ஜே எனப்படும் ஜாவா நிரலால் ஆளப்படுபவை. சிறுபடத்தை எப்போது காட்டுவது, எங்கே வைப்பது என்பதை நிரலே தீர்மானிக்கலாம் என்பதால், பிளேலிஸ்டில் உள்ள எண்கள் தொடக்க மதிப்புகளாக மட்டுமே இருக்கும். யூ-கண்ட்ரோல் போன்ற ஏற்பாடுகளில், மூலையில் ஒரு குறியீடு தோன்றி, பார்ப்பவர் ரிமோட்டில் பொத்தானை அழுத்தினால்தான் சிறுபடம் விரியும். அங்கே நிரலைப் பிரித்துப் படிக்க முற்படுவதைவிட, வட்டை நல்ல பிளேயரில் ஒருமுறை முழுமையாக ஓட்டி, ஒவ்வொரு தோற்றத்தின் நேரத்தையும் இடத்தையும் கையால் குறித்துக்கொள்வதே விரைவான வழி என்பது என் அனுபவம்.

எந்த வட்டானாலும், முழுப் படத்தையும் மறுகுறியாக்கத்துக்கு அனுப்புமுன், தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடங்களிலிருந்து ஐந்தைந்து நிமிடங்களை மட்டும் பதித்துப் பிளேயரின் திரையோடு ஒப்பிடுங்கள். தொடக்கத்தில் பொருந்தி முடிவில் விலகினால், உருப்படிகளின் நீளத்தைக் கூட்டியதில் பிழை இருக்கிறது. எங்கும் ஒரே அளவு விலகினால், தொடக்க எண்ணைக் கழிக்க மறந்திருக்கிறீர்கள்.